போட்டி கடையில், கூட்டு கோபுரத்தில்

எதிரெதிரே கடை வைத்திருக்கும் இருவர் ஒரே கொள்கலனில் சரக்கு இறக்கினால் புறக்கோட்டையே வியந்து பேசும். ஐரோப்பாவின் பெரும் தொலைபேசிக் கம்பனிகள் இதைத்தான் செய்தன.

2000ஆம் ஆண்டில் அங்கு பல நாடுகள் மூன்றாம் தலைமுறை (3ஜி) கையடக்கத் தொலைபேசிச் சேவைக்கு அனுமதிப்பத்திரம் வழங்கின. ஜேர்மனியில் ஆறு தரப்புகள் ஏலத்தில் கொட்டிய பணம் சுமார் 50 பில்லியன் யூரோ. அனுமதிக்கே இவ்வளவு, கோபுரம் கட்டும் செலவோ அதற்குப் பிறகுதான். அவற்றில் இரண்டு, சொந்த 3ஜி வலையமைப்பைத் திறக்காமலேயே ஒதுங்கிக்கொண்டன.

சுவீடனில் ஏலம் இல்லை. விண்ணப்பதாரரின் திட்டத்தைப் பார்த்தே கொடுத்தார்கள். நாட்டின் பழம்பெரும் நிறுவனமான டெலியாவுக்குக் கிடைக்கவில்லை! அது சோர்ந்துவிடவில்லை. அனுமதி பெற்றிருந்த போட்டியாளர் டெலி2 உடன் 2001இல் சரிபாதிப் பங்கில் கூட்டுக் கம்பனி அமைத்தது. ஒருவரிடம் அனுமதி இருந்தது; மற்றவரிடம் பணமும் அனுபவமும் இருந்தன. கோபுரமும் வலையமைப்பும் பொது. பெயர், கட்டணம், வாடிக்கையாளர் தனித்தனி.

அந்தக் கூட்டு எல்லாவற்றுக்குமானதல்ல. நான்காம் தலைமுறை வந்தபோது டெலியா தனித்து இறங்கி, 2009 டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் சேவையைத் தொடங்கியது. டெலி2 அதே ஆண்டில் டெலிநோருடன் சேர்ந்தது.

வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத களஞ்சியம், லொறி, கொள்கலன் ஆகியவற்றில் நாமும் செலவைப் பகிரலாம். விலையிலும் உபசரிப்பிலும் போட்டியிடலாம். ஆனால் எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.