பழைய விளையாட்டு, புதிய பதிப்பு

கதையில் வரும் வீரராகவே மாறி, பல மணி நேரம் பயணம் செய்து ஆடும் மின்னிலக்க விளையாட்டுகள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற பழைய விளையாட்டுகள் இன்று மெருகேற்றப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. சேமித்த கைச்செலவுப் பணத்தில் அவற்றை வாங்கலாமா?

மறுவெளியீடுகளால் நன்மை உண்டு. பழைய விளையாட்டுகள் பல, புதிய கணினிகளில் சரியாக இயங்குவதில்லை. 1998ஆம் ஆண்டு வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டின் மேம்படுத்தப்பட்ட பதிப்பு 2012ஆம் ஆண்டு வெளிவந்தது. அகன்ற திரைகளுக்கு ஏற்றவாறு அது சீரமைக்கப்பட்டது. புதிய துணைப் பாத்திரங்களும் கதையில் சேர்க்கப்பட்டன. எனவே, பழைய கதையைப் புதியவர்களும் எளிதில் ஆட முடிந்தது.

ஆயினும், எல்லா மறுவெளியீடுகளும் ஒரே தரத்தில் அமைவதில்லை. ஜப்பானில் 1995ஆம் ஆண்டு வெளிவந்த ‘குரோனோ டிரிகர்’ 2018ஆம் ஆண்டு கணினிக்கு வந்தது. அதன் திரையமைப்பு கைத்தொலைபேசிக்கு உரியது போல இருப்பதாகவும் படங்கள் மங்கலாகத் தெரிவதாகவும் ஆட்டக்காரர்கள் குறைகூறினர். அதன்பின், அடுத்தடுத்த மாதங்களில் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. உடனே வாங்கியவர்கள் குறைகளுடன் ஆடினர். சற்றுப் பொறுத்தவர்களோ திருந்திய பதிப்பைப் பெற்றனர்.

ஆகவே, பெயரை மட்டும் பார்த்து வாங்குவது சரியன்று. புதிய பதிப்பில் மாறியிருப்பது என்ன, பழைய பதிப்பு இன்றும் இயங்குமா, அந்த மாற்றத்துக்கு அந்த விலை தகுமா என்பவற்றை முதலில் ஆராய வேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும் அல்லவா? பல ஆண்டுகள் காத்திருந்த விளையாட்டுக்காக இன்னும் சில வாரங்கள் காத்திருப்பதால் இழப்பு ஏதுமில்லை.