பனி உருகியதும் தூண்டிலோடு புறப்படுவோருக்கு

ஏப்ரலில் ஏரிப் பனி உடைந்ததும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் வீடுகளின் கராஜ்களில் கிடக்கும் தூண்டில்கள் தூசு தட்டப்படும். பழைய தங்கூசி மாற்றப்படும். ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால் ரைஸ் லேக், இன்னும் கொஞ்சம் போனால் பொப்கேஜன், ஃபெனலன் ஃபோல்ஸ். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்கு இந்த நாட்டில் ஊர் நினைப்பு வருகிற இடம் அந்தக் கரைகள்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் தெரியாத்தனத்தால் தண்டம் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு பிழையும் செய்யாமலே விரட்டப்பட்டு, வாய் திறக்காமல் வீடு திரும்புகிறவர்களையும் பார்க்கிறேன். இந்த இரு சாராருக்கும் சட்டத்தில்தான் விடை இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றி. வால்ஐ என்ற மீனை ஒன்ராறியோவில் பிக்கரல் என்றே சொல்வார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டால் கண்ணாடிபோல மின்னும், மங்கலில் நன்றாகப் பார்க்கும், அதனால் அந்தியிலும் இரவிலும் இரை தேடும். பனி போனவுடன், தண்ணீர் இன்னும் 5 முதல் 10 பாகை குளிரில் இருக்கும்போதே, ஆற்றுவாய்க்கும் அணைக்கட்டின் கீழுள்ள கல் படுகைக்கும் சினையோடு வந்து சேரும். முட்டையைக் கற்களுக்கிடையே சிதறிவிட்டுப் போய்விடும், காவல் இருப்பதில்லை. பாஸ் மீன் அப்படியில்லை. தண்ணீர் சூடேறிய பிறகு, மே கடைசியிலும் ஜூனிலும், ஆண் மீன் வாலால் அடித்தடித்து மண்ணை விலக்கிக் கூடு கட்டும். பெண் மீன் முட்டையிட்டு விட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை ஆண்தான் காவல்.

ஒரு மே மாதக் காலையில் ரைஸ் லேக் படகுத்துறைக்குப் பக்கத்தில் அந்தக் கூட்டைக் கண்டேன். முழங்கால் ஆழத்தில் ஒரு சுளகு அளவுக்கு வெள்ளையாய்ச் சுத்தமான வட்டம், நடுவில் ஒரு பாஸ் அசையாமல் நின்றது. நம்முடைய பையன் ஒருவன் தூண்டிலை அதன் முன்னால் போட்டான். அது பசியில் கடிக்கவில்லை, கூட்டுக்குள் வந்ததை விரட்டத்தான் கடித்தது. அவன் தூக்கி, படம் எடுத்து, பத்திரமாகத் திருப்பி விட்டான். எல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் சின்னச் சின்ன சன்ஃபிஷ் மீன்கள் வட்டத்துக்குள் இறங்கி முட்டைகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டன. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. “விட்டிட்டன்தானே அண்ணா” என்றான்.

ஒரு மீனைப் பிடிக்கத் தடையுள்ள மூடிய காலத்தில் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடுவதே குற்றம் என்று ஒன்ராறியோ விதி சொல்வதற்குக் காரணம் இதுதான். பிடித்து விட்டுவிடுவேன் என்ற வாதம் எடுபடாது. வேறு மீனுக்குப் போட்டதில் தற்செயலாக மாட்டினால் உடனே விட வேண்டும். மாகாணம் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தேதி வேறு. கவார்த்தா ஏரிகள் அடங்கும் 17ஆம் வலயத்தில் பிக்கரல் மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை திறக்கும். பாஸ் ஜூன் பாதி கடந்த பிறகே திறக்கும். வலயத்துக்குள்ளேயும் விலக்குகள் உண்டு: ஸ்கூகொக் ஏரி அதே வலயம்தான், ஆனால் அங்கே பிக்கரல் பிடிப்பதை 2016இல் ஆண்டு முழுவதற்குமாக மூடினார்கள். சில ஆற்றுப் பகுதிகள் சரணாலயம், அங்கே எந்த மீனுக்கும் தூண்டில் போடக் கூடாது. நண்பர் சொன்னார் என்று போகாமல், அரசின் ‘ஃபிஷ் ஒன்-லைன்’ வரைபடத்தில் நீங்கள் நிற்கப்போகும் தண்ணீரையே தொட்டுப் பாருங்கள்.

18 முதல் 64 வயதுவரை அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசென்சும் வேண்டும். 65 கடந்த கனடாவாசிக்குத் தேவையில்லை, பிறந்த தேதியுள்ள அரச அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். பல குடும்பங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவுக்கு 70 வயது என்பதால் இந்தச் சலுகை கிடைத்துவிடாது. அவர் கனடாவாசி அல்ல, வெளிநாட்டாருக்கான லைசென்ஸ் எடுக்க வேண்டும். அன்னையர் தின வார இறுதியில் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்ற சலுகையும் கனடாவாசிகளுக்குத்தான். அப்படி லைசென்ஸ் இல்லாமல் பிடிப்பவருக்கு எண்ணிக்கை வரம்பும் குறைவு.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 17ஆம் வலயத்தில் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரையுள்ள பிக்கரலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். முழு லைசென்சுக்கு நான்கு, மலிவான கொன்சர்வேஷன் லைசென்சுக்கு ஒன்று. 50க்கு மேலே இருப்பவை பெரும்பாலும் நிறையச் சினை போடும் பெண் மீன்கள், அவற்றைக் காப்பதற்கே மேல் எல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மணக்கும் என்று கரையிலேயே மீனைச் செதிள் தட்டி, குழம்புக்குத் துண்டு போட்டுப் பெட்டியில் அடுக்கினார். வந்த அதிகாரி கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது எத்தனை சென்ரிமீற்றர் இருந்தது? அவரிடம் பதில் இல்லை. மீன் வீடு சேரும்வரை என்ன இனம், எத்தனை, எவ்வளவு நீளம் என்று பார்த்தால் தெரிய வேண்டும், ஆகவே முழுதாகவே கொண்டு வாருங்கள். உயிரோடு வாளியில் கொண்டு வருவதும் குற்றம். உங்கள் பிரீசரில் கிடக்கும் மீனும் உங்கள் எண்ணிக்கையில் சேரும். பிடித்ததை விற்கவோ பண்டமாற்றவோ கூடாது.

உயிராபத்து குளிரில் இருக்கிறது. மே மாத வெயிலுக்கு ரீ-ஷர்ட் போதும், தண்ணீர் அப்படியில்லை. மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சொல்லித் தருகிறார். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு அடங்காமல் வாங்கும், அப்போது தண்ணீர் குடித்தால் முடிந்தது. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆக, நீந்தத் தெரிந்தவரையும் முதல் சில நிமிடங்களிலேயே குளிர் வீழ்த்திவிடும். படகில் ஆளுக்கொரு லைஃப் ஜக்கெட் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இருக்கைக்கு அடியில் கிடப்பது உங்களைக் காப்பாற்றாது, போட்டுக்கொள்ளுங்கள். அணைகளுக்குக் கீழே கல்லில் நிற்க வேண்டாம். கதவு திறந்தால் தண்ணீர் நிமிடங்களில் ஏறும்.

இனிச் சமையல். பெரிய பிக்கரலில் பாதரசம் கூடுதல். அது சதையிலேயே இருப்பதால் தோலை உரித்தாலும் புளியில் ஊறப்போட்டாலும் போகாது. சில நஞ்சுகள் கொழுப்பில் சேரும் என்பதால் தலைக்கறிக்கும் குடலுக்கும் ஆசைப்படாதீர்கள். ‘கைட் டு ஈற்றிங் ஒன்ராறியோ ஃபிஷ்’ என்ற அரச வழிகாட்டி ஏரி, இனம், நீளம் வாரியாக மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று சொல்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு உண்டு. கர்ப்பிணிக்குப் பத்தியம் என்று மீன் கொடுக்கும் நம் வீடுகள் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சிலர் அவமானப்பட்டார்கள். 2007இல் சிம்கோ ஏரி உட்படப் பல இடங்களில் ஆசிய முகமுள்ள தூண்டில்காரர்கள் தண்ணீரில் தள்ளப்பட்டார்கள், கல்லெறி வாங்கினார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து, 2008இல் ‘அச்சமின்றி மீன்பிடித்தல்’ என்ற பொருளில் அறிக்கை வெளியிட்டது. “இந்த ஆட்கள் எல்லாரும் களவாய்ப் பிடிக்கிறவர்கள்” என்ற பேச்சு தாக்குவதற்குச் சாக்காகாது. ஒன்ராறியோவின் மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சட்டப்படி மீன்பிடிப்பவருக்கு இடைஞ்சல் செய்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. உங்கள் லைசென்சை உரசிப் பார்க்க வழிப்போக்கருக்கு அதிகாரமில்லை.

யாராவது மிரட்டினால் வாய்த்தர்க்கத்துக்குப் போகாதீர்கள். கார் இலக்கம், படகு இலக்கம், நேரம், இடம் குறித்துக்கொள்ளுங்கள். கைவைத்தால் 911. தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். இனம் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொல்லை அப்படியே பொலிசில் எழுதச் சொல்லுங்கள், வெறுப்பினால் செய்த குற்றத்துக்குத் தண்டனை கூடும். மீன்வளக் குற்றம் கண்டால் 1-877-847-7667. ஆனால் தனியார் காணி உண்மையாகவே தனியார் காணிதான். மரத்தில் சிவப்பு வட்டம் இருந்தால் உள்ளே போகக் கூடாது. கரை ஒருவருடையது என்றால் படகிலிருந்து பிடியுங்கள்.

கொன்சர்வேஷன் அதிகாரி விஷயம் வேறு. அவர் கேட்டால் லைசென்சும் மீனும் காட்ட வேண்டும், பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அவர் டிக்கெட் தந்தால் பயத்தில் உடனே கட்டிவிடாதீர்கள், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். பதில் சொல்ல 15 நாள் உண்டு. அதற்குள் அரச வழக்குரைஞரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், அல்லது விசாரணை கேட்கலாம். எதைக் கேட்டாலும் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே குறிப்பிடுங்கள். நீதிமன்றமே ஏற்பாடு செய்யும், அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.