பாதி மீனும் முழு ஆறும்

பெண் சால்மன் ஆற்றடியில் ஒருக்களித்துப் படுத்து, வாலால் கூழாங்கற்களை அடித்து அடித்துக் குழி பறிக்கும். பட்டாணி அளவில், ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளை இட்டுக் கற்களால் மூடிவிடும். கல்லிடுக்கில் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. மேலே காட்டை மொட்டையடித்த சரிவிலிருந்து வண்டல் வந்து அந்த இடுக்கை அடைத்தால், கரு உள்ளேயே செத்துப்போகும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலையின் பனியாற்றில் பிறந்து கடலில் கலக்கிறது, சால்மன் இப்படி முட்டையிடும் நிஸ்குவாலி ஆறு. அமெரிக்க அரசோடு செய்த 1854 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்த நிஸ்குவாலி பழங்குடியினர், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் வலை போட்டவர்களை மாநில அதிகாரிகள் பிடித்துப் போனார்கள். அந்தப் பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் முதன்முதலில் கைதானபோது அவருக்கு வயது 14. பிறகு ஐம்பது தடவைக்கு மேல். 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை பழங்குடிகளுக்கு உரியது, மீன்வள நிர்வாகத்திலும் அவர்களுக்குப் பங்குண்டு என்று தீர்ப்பளித்தார்.

மீனே வராத ஆற்றில் பாதியை வைத்து என்ன செய்வது? கரையோரம் பண்ணைகள், மரக் கம்பெனியின் காடு, ராணுவ முகாம், மின் அணைகள். எல்லாரும் இசைந்தால்தான் அந்தக் கல்லிடுக்கில் தண்ணீர் ஓடும். பில்லி ஃபிராங்க் அத்தனை பேரோடும் உட்கார்ந்து பேசினார், தன்னைச் சிறைவைத்த அரசோடும்தான். வென்ற வழக்கைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1987-இல் நிஸ்குவாலி ஆற்று மன்றம் பிறந்தது. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. கூடிப் பேசி ஒப்பவைப்பதுதான் அதன் வேலை.

கழிமுகத்தில் இன்னொரு அதிசயம். ஆற்றில் பிறந்த குஞ்சு கடலுக்குள் போகுமுன் உப்பும் நன்னீரும் கலக்கும் சதுப்பில் தங்கி இரை தேடும். உப்பை உடலிலிருந்து வெளியேற்ற அதன் செவுள்கள் பழகுவதும் இந்தப் பருவத்தில்தான். விவசாயத்துக்காக எழுப்பிய தடுப்புக்கரை அந்தச் சதுப்பை நூறாண்டு மறித்து நின்றது. முதலில் பழங்குடியினர் தங்கள் நிலத்துக் கரைகளை உடைத்தார்கள். 2009-இல் அங்குள்ள வனவிலங்குச் சரணாலயத்தின் கரையும் அகன்று, 762 ஏக்கரில் ஓதம் மீண்டும் ஏறி இறங்கியது. பில்லி ஃபிராங்க் 2014-இல் மறைந்தார். அந்தச் சரணாலயம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேலை முடிந்துவிடவில்லை. அப்பகுதியின் சினூக் சால்மன் 1999 முதல் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. இன்னும் அதிலிருந்து மீளவில்லை.