சித்திரையில் மதுரைக்குப் போகலாம், வாருங்கள்!

மீனாட்சியம்மன் கோயிலை எந்த மாதத்திலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் சித்திரையில் மட்டும் மதுரை ஊராக இருப்பதில்லை, கல்யாண வீடாகிவிடுகிறது! கொடியேறிவிட்டால் மாசி வீதிகளில் காலையும் மாலையும் சுவாமி புறப்பாடுதான். எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், அடுத்த நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். முதலில் பட்டம், அப்புறம்தான் தாலி! இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெண் பிள்ளை படிப்பை முடிக்கட்டும், பிறகு கல்யாணம் பேசலாம் என்று நாம் இப்போது சொல்வதை மதுரைக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் போனபோது எழுபதைத் தாண்டிய என் மாமியார், நாத்தனார், அவளுடைய மூன்று வயதுப் பையன் எல்லாரும் கூட வந்தார்கள். திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வந்துவிடுகிறார்கள். பெருமாள்தான் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிறவர். மொய் எழுதக்கூட ஏற்பாடு உண்டு! உள்ளே இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், வெளியே பெரிய திரைகளில் காட்டுகிறார்கள்.

அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் சுமங்கலிகள் எல்லாரும் தங்கள் தாலிச் சரடை மாற்றிக்கொள்வது வழக்கம். நானும் நாத்தனாரும் மஞ்சள் சரடு வாங்கி வைத்திருந்தோம். மாமியார் மட்டும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நகர்ந்துவிட்டார். மாமனார் போய்ப் பதினோரு வருஷமாகிறது. “நீங்க கட்டிக்குங்கம்மா, நான் பையைப் பார்த்துக்கறேன்” என்றார். எனக்குச் சரடு கட்டவே கை ஓடவில்லை.

அந்த மனக்குறையைத் தீர்த்து வைத்தவர் அழகர்தான்.

மீனாட்சி கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் முன்பு வேறு வேறு விழாக்கள். அழகர் அந்நாளில் தேனூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாராம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரையில் சேர்த்து வைத்தார் என்பார்கள். மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வருகிறார் என்பது கோயில் வரலாறு. தங்கை கல்யாணத்துக்கு நேரம் கழித்து வந்து, முடிந்துவிட்டது தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்டார் என்பது ஜனங்கள் சொல்லும் கதை. எந்த வீட்டுக் கல்யாணத்தில்தான் ஒரு அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை?

அவர் மலையிலிருந்து வந்து மூன்றுமாவடியில் மதுரைக்குள் நுழையும்போது நடப்பது எதிர்சேவை. செம்பில் சர்க்கரையை நிரப்பி, வாழையிலையால் வாயை மூடி, மேலே சூடம் ஏற்றி, கள்ளழகருக்குக் காட்டுகிறார்கள். இதில் சுமங்கலி, விதவை என்ற கணக்கே கிடையாது. பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாள் தன் செம்பை எங்கள் மாமியார் கையில் கொடுத்து, “நீங்களும் காட்டுங்க ஆத்தா” என்றாள். மாமியார் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு, சூடம் அணைகிற வரை கையை இறக்கவில்லை. அன்று ராத்திரி அவரே கேட்டு வாங்கி இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டார்!

மறுநாள் விடியற்காலையில் தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். பச்சைப் பட்டு உடுத்தி வந்தால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்று நம்பிக்கை. அந்தக் காட்சி கண்கொள்ளாதுதான். ஆனால் கைக்குழந்தைக்காரிகளுக்கும் வயதானவர்களுக்கும் நான் ஆற்றங்கரையைச் சிபாரிசு செய்யமாட்டேன். கொரோனாவால் இரண்டு வருஷம் ஜனங்கள் இல்லாமல் போன விழா 2022-ல் மறுபடி நடந்தபோது, இங்கே நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். எதிர்சேவையிலும் கூட்டம் உண்டு. ஆனால் அழகர் மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று நின்று வருவதால், கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து ஓரமாக நின்றுகொள்ளலாம். பிறகு பூப்பல்லக்கும் இருக்கிறது.

வெயில் கடுமை. காலை பத்துக்குமேல் குழந்தையை வெளியே கொண்டுபோகாதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும், பொட்டலத்தில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியும் கையோடு இருக்கட்டும். தண்ணீர்ப் பந்தலில் தரும் நீர்மோர் பெரியவர்களுக்குச் சரி, சின்னக் குழந்தைக்கு வேண்டாம். பையன் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பரை எழுதி வைத்துவிடுங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். கருப்பசாமி வேஷம் கட்டியவர்கள் தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள். எங்கள் வாண்டு முதலில் வீறிட்டான், அப்புறம் இன்னும் இன்னும் என்று முகத்தை நீட்டினான்!

தேதி வருஷா வருஷம் மாறும். சித்ரா பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்துக்கொண்டு, தங்கும் அறைக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.