பழைய ஜீப்புக்கும் பல் பிடித்துப் பார்க்க வேண்டும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். அவரே பழைய ஜீப்போ பொலிரோவோ வாங்கும்போது, புதுப் பெயிண்டில் மயங்கிவிடுவது உண்டு. அறுவடைப் பணம் முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, பட்டறைச் செலவுக்கு நகையை அடகு வைக்கும் நிலை வரக்கூடாது.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பலாகாது. அதைத் திருத்த முடியும். எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலை வேளையில் கிளப்பச் சொல்ல வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை, டீசல் சரிவர எரியாததைக் காட்டும். ஆயில் பாலாடை போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க, புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். இவற்றில் சில எஞ்சினைப் பிரிக்க வைக்கும் பெருஞ்செலவாகலாம்.

அடிச்சட்டத்தில் துருவோ, பற்றவைத்த தழும்போ இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவசியம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால், அதை மண் பாதையில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வகை ஜீப்பில் இதைத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால் பல்சக்கரங்கள் திணறித் தேயும்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு உள்ளதா என்று கவனிக்கவும். சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் தகுதிச் சோதனை செய்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்சையும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கையில் 3 லட்சம் இருந்தால் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குள் வண்டியைப் பார்ப்பது நல்லது. மீதி 60 ஆயிரம் டயர், பேட்டரி, கிளட்ச், பிரேக் வேலைகளுக்கு உதவும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அல்லாடக் கூடாது.

மாதம் நாலைந்து நடை சந்தைக்குப் போவதற்கு மட்டும்தான் வண்டி தேவை என்றால், வாடகை வண்டிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம். நிறுத்தி வைத்த வண்டியும் செலவு வைக்கும்.