கூரை போன வீட்டிலிருந்து ஷிப்டுக்கு

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்தும் சுரங்க நகரமான நெய்வேலி தப்பவில்லை. டவுன்ஷிப்பில் சாலையோர மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்தன. வெளியே பண்ருட்டி வரைக்கும் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து கிடந்தன. பொங்கலுக்குப் பதினைந்தே நாள். பல மாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்பும் அனல்மின் நிலையங்களைச் சுற்றியிருந்த கிராமங்களில் மின்கம்பங்கள் விழுந்து, இருட்டு நாள்கணக்கில் நீண்டது. நான்கு ஆண்டு கழித்து, 2015 நவம்பரில், ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெள்ளம் இறங்கி உற்பத்தி தடைப்பட்டது.

இப்படி ஒரு நாளுக்குப் பிறகு சுரங்க நிறுவனத்தின் நிர்வாகம் முதலில் பார்ப்பது சுரங்கத்தை. தண்ணீரை இறைக்க வேண்டும், கரைச் சரிவுகளைச் சோதிக்க வேண்டும், கன்வேயர் பெல்ட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசரம் நியாயமானதுதான். ஆனால் பெல்ட் பக்கத்தில் நிற்கப் போகிறவரின் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பதும் அதே நாளில் செய்ய வேண்டிய வேலை. நான்கு ராத்திரி தூங்காதவரை ராட்சத இயந்திரத்தின் அருகில் நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, கூட நிற்பவருக்கும் ஆபத்து.

எல்லார் வீடும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை. குவார்ட்டர்ஸில் இருப்பவருக்குக் கான்கிரீட் கூரை உண்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில். மந்தாரக்குப்பம், வடக்குத்து, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி பலருக்கு ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் அல்லது கீற்று. அவர்தான் வீட்டைச் சரிசெய்ய அதிக நாள் கேட்க வேண்டியவர். வராத நாளுக்குக் கூலி இல்லாததால் சீக்கிரமே ஓடி வருகிறவரும் அவர்தான். உதவியை எங்கே தொடங்குவது என்று கேட்டால், இங்கேதான் என்பேன்.

சட்டத்தின் நிலை இது. இயற்கைச் சீற்றத்தால் வேலை கொடுக்க முடியாமல் போனால் அதற்கு ‘லே-ஆஃப்’ என்று பெயர். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்து, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு, அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பதிலித் தொழிலாளிக்கும் தற்காலிகத் தொழிலாளிக்கும் இது கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க நிர்வாகமும் ஒப்பந்ததாரரும் மனம் வைக்க வேண்டும். அடைத்தால் சட்டம் தடுக்கப் போவதில்லை.

மற்றவை பெரிய செலவில்லாதவை. ரேஷன் கார்டு, பாஸ்புக், நிலப்பட்டா நனைந்து போனவருக்குத் தாலுகா அலுவலகம் போய்வர ஒரு நாள், சம்பளம் பிடிக்காமல். சேதக் கணக்கெடுக்க கிராம நிர்வாக அலுவலர் வரும் நாளில் வீட்டில் இருக்க விடுப்பு. பஸ் வராத பாதையிலிருந்து வருபவருக்கு வண்டி, இல்லையென்றால் ஷிப்ட் மாற்றம். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மேலதிகாரி “வீடு என்ன ஆச்சுண்ணா?” என்று தனியாகக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே பட்டியல். கூட்டம் போட்டுக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பணம்தான் நீண்ட விஷயம். வருங்கால வைப்பு நிதியில் பேரிடருக்கு முன்பணம் எடுக்க இடமுண்டு. படிவம் நிரப்பித் தர அலுவலகத்தில் ஒருவரை உட்கார வைத்தால் போதும், கந்துவட்டிக்காரரிடம் போகும் பலர் இங்கே வருவார்கள். நிர்வாகமே முன்பணம் தந்தால், பிடித்தத்தை அடுத்த மாதமே தொடங்க வேண்டாம். இங்கே சம்பளத்தோடு முந்திரிக் கொல்லை வருமானத்தையும் சேர்த்துத்தான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. புதிதாக நட்ட கன்று காய்க்க மூன்று, நான்கு வருஷமாகும்; பலாவுக்கு அதற்கும் மேல். தவணையை அந்தக் கணக்கை வைத்துப் போட வேண்டும்.