மருந்துக்கடைப் பதிவேடும் மளிகைக்கடையும்



மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டால் டாக்டர் சீட்டு எங்கே என்கிறார்கள். சீட்டைக் கொடுத்தாலும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டுதான் மாத்திரையைத் தருகிறார்கள். இது என்ன கெடுபிடி என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

அது அரசு கேட்கும் நோட்டு. 2013 ஆகஸ்டில் மத்திய அரசு 'எச்-1' என்ற புதிய அட்டவணையை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள். வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம், டயஸிபாம் போன்று பழக்கமாகிவிடும் மாத்திரைகள் எல்லாம் அதில் உண்டு. விற்கும்போது டாக்டரின் பெயர், விலாசம், நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு இவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். 'எக்ஸ்' அட்டவணை மருந்து என்றால் சீட்டே இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

மருந்து ஆய்வாளர் வந்தால் கொள்முதல் பில்லையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 100 அட்டை வாங்கி, 60 அட்டைக்கு எழுதி, அலமாரியில் 10 இருந்தால் மீதி 30 எங்கே? நம் குடோனில் இருப்புப் பார்க்கிற அதே கணக்குத்தான். நமக்குக் குறைந்தால் நஷ்டம்; அவருக்குக் குறைந்தால் லைசென்ஸுக்கே ஆபத்து.

இதில் மளிகைக்காரருக்கு என்ன என்கிறீர்களா? நம்மிடம் வெகுகாலமாகச் சரக்கெடுக்கும் பெரியவர் ஒருவர், வாடிக்கைக்கார அம்மா கேட்டாரே என்று தெரிந்த பையன் மூலம் நாலு அட்டை தூக்க மாத்திரை வாங்கிக் கல்லாவில் வைத்திருந்தார். அட்டைக்கு இரண்டு ரூபாய்கூட லாபமில்லை. சோதனைக்கு வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். இன்று அவர் வாய்தாவுக்கு அலைகிறார்; கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனுஷர், கடன் பாக்கி வைக்காதவர்.

லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றால், 1940-ஆம் வருடச் சட்டப்படி 3 வருடத்துக்குக் குறையாமல் 5 வருடம் வரை சிறை. அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. தூக்க மாத்திரைக்கு மட்டுமல்ல, தலைவலி மாத்திரைக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆயிரம் பேருக்கு மேற்படாத, லைசென்ஸ் கடையும் இல்லாத கிராமத்தில் பாரசிட்டமால், தைலம் போன்ற சில வீட்டு மருந்துகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடம் வாங்கி, கம்பெனி கட்டிய பெட்டியைப் பிரிக்காமல் விற்க வேண்டும். டவுனில் கடை வைத்திருக்கும் நமக்கு இந்த விலக்கு கிடையாது. பிஸ்கட் பாட்டிலுக்குப் பின்னால் மாத்திரை டப்பா இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.